ஏரிகளுக்கு ஒரு சம்பளக்காரர் வேண்டும்

தாம்பரம் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தில் பொறியாளர், சுகாதார அலுவலர், நகரமைப்பு ஆய்வாளர், துப்புரவு ஆய்வாளர் என்று பலரும் மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கி ஊருக்கு உழைக்கிறார்கள். அவர்களோடு இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் என்ன வாழ்கிறது, எப்போது முட்டையிடுகிறது, எவ்வளவு ஆழத்தில் இரை தேடுகிறது என்பதை மாதந்தோறும் பார்த்து எழுதி, அதைப் பொறியாளரின் மேசைக்குக் கொண்டுவரும் ஒரு சூழலியலாளர். இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான்.

நான் இந்தப் புறநகரில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஏரிக்கரைக்கு வந்த மாணவர்கள் பலரை அறிவேன். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பறவையப் பார்த்துக்கிட்டு இருந்தா சோறு போடுமா சார்?” நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதில், “இரண்டு மூன்று வருடம் போடும், திட்டம் முடிந்தால் நின்றுவிடும்” என்பதே. ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை, பிறகு ஒரு தொண்டு நிறுவனம், நடுவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு ஒரு பருவ வேலை என்று ஓடிவிட்டு, முப்பது வயதில் பலர் ஐ.டி. கம்பெனிக்கோ வங்கித் தேர்வுக்கோ போய்விடுகிறார்கள். ஒரு உள்ளானைத் தூரத்திலிருந்து பறக்கும் விதத்தை வைத்தே இனம் காணக் கற்ற கண்ணும் அவர்களோடு போய்விடுகிறது.

இந்த வேலை இல்லாததால் இளைஞருக்கு நட்டம் என்பது ஒரு பக்கம். மாநகராட்சிக்கு என்ன நட்டம் என்பதைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் இணைத்து இந்த மாநகராட்சி உருவானது. பெயர்களைப் படித்தாலே ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏரி நினைவுக்கு வரும். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும்படி முன்னோர் கட்டியவை அவை. அவற்றுள் கிழக்குப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் மிகைநீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரும் 65 நீர்நிலைகளின் உபரிநீரும் அங்கே வடிகின்றன. 2007-இல் காப்புக்காடாகவும் 2022-இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்புநிலத்தில் 1,247 ஹெக்டேர் இன்று ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. செம்பாக்கத்தில் கலக்கும் சாக்கடையைப் பள்ளிக்கரணைக்கு வரும் பூநாரையும் சேர்த்தே குடிக்கிறது. சதுப்புநிலம் வனத்துறையுடையது; மேலே உள்ள ஏரி வேறு துறையுடையது; ஏரியில் கலக்கும் கழிவுநீரும் குப்பையும் உங்களுடையவை.

ஏரிச் சீரமைப்பு நடக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். தூர் வாரி ஆழப்படுத்துவோம், கரையை உயர்த்துவோம், நடைபாதை போடுவோம், விளக்குக் கம்பம் நடுவோம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த எவரும் ஆழப்படுத்த வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. எப்படி ஆழப்படுத்துவது என்பதுதான் கேள்வி. பொரி உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். நெடுங்கால் உள்ளானுக்கு அதன் சிவப்புக் கால் நனையும் தண்ணீர் வேண்டும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து தலையைக் கவிழ்த்து அடிமண்ணை எட்டும் ஆழத்தில்தான் மேயும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும். ஏரியைச் சுற்றிச் செங்குத்தாகச் சுவர்போல் கரை எழுப்பி, உள்ளே முழுதும் ஒரே ஆழமாகத் தோண்டினால் கடைசியாகச் சொன்ன இரண்டுதான் மிஞ்சும். ஒரு பக்கக் கரையைச் சரிவாக விட்டு, நடுவே ஒரு மண்திட்டை நிறுத்தி, அதில் நீர்க்கடம்போ கருவேலமோ வளரவிட்டால் மற்றவையும் வரும். கொள்ளளவில் இழப்பதும் சொற்பமே. ஆனால் இது வரைபடம் போடும்போதே சொல்லப்பட வேண்டும். ஒப்பந்தம் விட்ட பிறகு ஆர்வலர் ஒருவர் மனு எழுதிப் பயனில்லை.

களை எடுப்பதும் அப்படியே. ஆகாயத்தாமரையை அகற்றியே ஆக வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அவசரமாக இயந்திரத்தை இறக்கி, அல்லி, ஆம்பல், சம்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிவிடும்போது சிக்கல் வருகிறது. நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டையிடும். முட்டையைக் காப்பது ஆண் பறவை. பெண் அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். இந்தியாவில் அது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குஞ்சு பொரிக்கும். தாழைக்கோழியின் கூடு சம்புப் புதருக்குள் இருக்கும். எந்த மூலையை முதலில் எடுக்கலாம், எதை ஒரு மாதம் விட்டுவைக்கலாம் என்று சொல்ல, அந்த ஏரியைத் தொடர்ந்து பார்த்துவருபவர் ஒருவர் வேண்டும். செம்பாக்கம் ஏரியின் சீரமைப்பில் கேர் எர்த் அறக்கட்டளை, தி நேச்சர் கன்சர்வன்சி, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து வேலை செய்ததால் பொறியியலும் சூழலியலும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. எல்லா ஏரிக்கும் அப்படி வெளியிலிருந்து ஆள் வருவார்கள் என்று காத்திருக்க முடியாது.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், 41-ஆவது பிரிவில், ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. ஊரின் தாவரங்களையும் விலங்குகளையும் அவற்றைப் பற்றி மக்களுக்குள்ள அறிவையும் பதிவேடாக எழுதி வைப்பது அக்குழுவின் முக்கியக் கடமை. இத்தகைய பதிவேட்டை ஒருமுறை அச்சிட்டு அலமாரியில் வைத்தால் போதாது. ஆண்டுதோறும் களத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆள் யார்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் எல்லையை ஒட்டி இரண்டு விமானத் தளங்கள் இருக்கின்றன: மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம். விமானத் தளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையும் கால்நடை அறுப்பதையும் 1937-ஆம் ஆண்டின் விமான விதிகள் கட்டுப்படுத்துகின்றன. காரணம் பறவை மோதல். திறந்த குப்பையும் இறைச்சிக் கழிவும் கரும்பருந்தையும் காகத்தையும் உண்ணிக்கொக்கையும் ஈர்க்கும். எந்தப் பறவை, எந்த நேரத்தில், எங்கிருந்து எங்கே பறக்கிறது என்று தெரியாமல் அதைத் தடுக்க முடியாது. 1980-களில் பறவையியலாளர் சலீம் அலி காலத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமே நாட்டின் விமானத் தளங்களில் இந்த ஆய்வை மேற்கொண்டது. பறவை பார்ப்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆய்வு பின்னால் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. பள்ளிக்கரணை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானத் திட்ட அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. எல்லை எது, தாக்கம் எதுவரை என்பது முன்னமே நிலத்தில் அளந்து முடிவாகியிருந்தால், கடன் வாங்கி வீடு கட்ட நினைத்தவர்களுக்கும் அனுமதி கிடைக்காத தவிப்பு வந்திருக்காது.

“தன்னார்வலர்கள்தான் இலவசமாகச் செய்கிறார்களே” என்று உங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லலாம். செய்கிறார்கள்தான். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இன்றும் இயங்குகிறது. வனத்துறையும் மாநில அளவில் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பை நடத்துகிறது. ஆனால் தன்னார்வலர் தமக்கு ஓய்வு கிடைக்கும் நாளில், பறவை நிறைய உள்ள ஏரிக்குப் போவார். நாற்றமடிக்கும் ஏரிக்கும், பறவையே வராத மாதத்துக்கும் கணக்கு வேண்டுமே! பறவை இல்லை என்ற பதிவும் ஒரு தகவல்தான். ஒரே வழித்தடத்தில், ஒரே நேரத்தில், மாதந்தோறும் போய் எண்ணும் சலிப்பான வேலைக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆளை வைக்க வேண்டும்.

யாரை அமர்த்துவது? ஆளுக்குப் பஞ்சமில்லை. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் கானுயிர் உயிரியல் முதுகலைப் படிப்பு இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பெயரிலேயே பறவையியல் மையம் உள்ளது. உங்கள் பக்கத்து ஊரான வண்டலூரிலேயே வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இயங்குகிறது. தாம்பரத்தில் 1937 முதல் இருந்துவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்துப் புதர்க்காடும், கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும் நன்மங்கலம் காப்புக்காடும் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் களம் பழக்கியவை. இந்தத் துறையில் நிலைத்தவர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2000-இல் கேர் எர்த் அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசன், பள்ளிக்கரணைக்காக உழைத்து, 2025-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் விருதைப் பெற்ற முதல் இந்தியரானார்.

ஆனால் விளம்பரத்தில் பட்டத்தை மட்டும் தகுதியாகப் போட்டுவிடாதீர்கள். சலீம் அலிக்கே பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930-இல் திரும்பியபோது, இருந்த அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. கிஹிம் என்ற கடற்கரை ஊரில் தங்கித் தூக்கணாங்குருவியைக் கவனித்து எழுதினார்; அந்த ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஜெர்டான் கல்குருவி 1986-இல் ஆந்திராவின் கடப்பா பகுதியில் மீண்டும் கிடைத்ததற்குக் காரணம் ஐத்தன்னா என்ற உள்ளூர்ப் பறவை பிடிப்பவர். நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். சதுப்புநிலத்து ஓரம் வாழும் மீனவரும் இருளரும் அறிந்ததைக் கணக்கில் எடுக்காத கள ஆய்வு அரைகுறையானது.

ஆகவே என் கோரிக்கையை வரிசைப்படுத்துகிறேன். ஒன்று: ஒரு சூழலியலாளர் பணியிடத்தையும், களத்தில் அனுபவம் உள்ள, பட்டம் கட்டாயமில்லாத இரண்டு உதவியாளர் பணியிடங்களையும் உருவாக்க மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வரும்வரை ஒப்பந்த அடிப்படையில் தொடங்குங்கள்; ஆனால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஓர் ஏரியின் நல்ல மழை ஆண்டையும் வறண்ட ஆண்டையும் பார்க்காதவரால் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இரண்டு: எந்த ஏரி வேலைக்கும் மதிப்பீடு தயாராகும்போதே அவருடைய குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். அந்தக் குறிப்பை ஏற்காவிட்டால் காரணத்தைப் பொறியாளர் எழுதட்டும். மூன்று: மாதக் கணக்கெடுப்பு விவரத்தைத் தமிழில், வார்டு வாரியாக, யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இதற்கு ஆகும் செலவு ஓர் ஏரிக்கரை நடைபாதைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு. முன்னுதாரணம் வேண்டுமென்றால் அதுவும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட வேண்டாம் என்று ஊர்மக்கள் முறையிட்டபோது, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் அதை ஏற்று 1798-இல் ‘கவுல்’ என்ற உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். களத்தில் இருப்பவர் சொன்னதை ஓர் அதிகாரி கேட்டுக் கையெழுத்திட்டார். நான் கேட்பதும் அதே வகையான கையெழுத்துதான். அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதற்கு ஓர் எண் கொடுங்கள், விவாதம் நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாநகராட்சிக்கு வரி செலுத்தும்
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
சேலையூர்