செத்த மண்ணாம்ல!

"குளிர்காலத்துல மண்ணு செத்துப்போயிடும். ஏப்ரல்ல நாங்க வந்து மறுபடி உயிர் குடுப்போம்."

நவம்பர்ல வாசல்ல வந்து நின்ன புல்தரை பராமரிப்பு ஆசாமி (ஆங்கிலத்துல) விட்ட வசனம் இது. உயிர் குடுக்க வருஷத்துக்கு 400 டாலராம். அதே வாரம் எங்க குடியிருப்பு அசோசியேஷன்ல இருந்து ஒரு கடுதாசி: புல் மேல கிடக்குற சருகை ஒண்ணு விடாம அள்ளணும், இல்லைன்னா 50 டாலர் அபராதம்.

நான் பொட்டி தட்டுறவன். படிச்சது மெக்கானிக்கல். வெப்பக் கடத்தல் பேப்பர்ல அரியர் வெச்சு ரெண்டு தடவை படிச்சவன். அந்தத் தகுதியில சொல்றேன், ரெண்டுமே பேத்தல்.

மினியாப்பொலிஸ் பக்கம் ஜனவரியில மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் எல்லாம் சகஜம். ஆனா அது வெளிக்காத்துல. புதுப்பனியில பெரும்பங்கு காத்துதான் அடைஞ்சிருக்கும். கம்பளிப் போர்வை மாதிரி. தரை இறுகுறதுக்கு முன்னாடியே ஒரு அடி பனி விழுந்து நின்னுட்டா, கீழ மண்ணு பூஜ்ஜியத்தை ஒட்டியே காலத்தை ஓட்டிடும். அப்படியே உறைஞ்சாலும், மண் துகளை ஒட்டியிருக்குற மெல்லிய நீர்ப்படலம் மைனஸ் 5-லகூட முழுசா உறையாது. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதுக்குள்ள மெதுவா மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கும். ஸ்பிரிங்டெயில்னு பொடி ஜீவன் ஒண்ணு, அதுல சில வகை, கார் ரேடியேட்டருக்கு நாம ஊத்துற சமாச்சாரம் மாதிரி உறையாத சரக்கைத் தன் உடம்புக்குள்ளயே தயார் பண்ணிக்குது. பெரிய மண்புழு உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கிடுது. (அதுவும் ஐரோப்பாவுல இருந்து வந்ததுதான், விசா இல்லாம. இந்த ஊர்க் காடுகளுக்கு அதனால தொல்லை, அது தனிக் கதை.)

நம்பலையா? மார்ச்ல பனி உருகினதும் புல்லுல சாம்பல் நிறத்துல வட்ட வட்டமா திட்டு தெரியும் பாருங்க. பனிக்குக் கீழேயே வளர்ற பூஞ்சை அது. செத்த மண்ணுல எப்படிய்யா நோய் வளரும்?

சரி, குளிர் ஒண்ணுமே பண்ணாதான்னா, பண்ணும். போர்வையை உருவினா பண்ணும். நியூ ஹாம்ப்ஷயர்ல ஹப்பர்டு புரூக் காட்டுல ஆராய்ச்சிக்காரங்க குளிர்கால ஆரம்பத்துல பனியைத் தள்ளிட்டுப் பார்த்தாங்க. மண்ணு ஆழமா உறைஞ்சுது, பொடி வேரெல்லாம் செத்துது, நைட்ரேட் தண்ணியோட கசிஞ்சு போச்சு. 2001-ல வந்த கட்டுரை. அது காடுதான், புல்தரை இல்லை. ஆனா போர்வைக்கான கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதானே? பனி லேட்டா வர்ற வருஷத்துல மண்ணுக்கு மிச்சமிருக்குற துணி புல்லும் சருகும் மட்டும்தான். அதையும் வழிச்சு எடுத்து, பையில கட்டி, தெருவுல வைக்கணுமாம்! அப்புறம் ஏப்ரல்ல 400 டாலர் குடுத்து சத்து வாங்கணுமாம். நல்லா இருக்குய்யா உங்க பிசினஸ்!

இதுல குளிர்கால உரம்னு வேற ஒரு மூட்டை விக்கிறாங்க. உறைஞ்ச தரையில போட்டா அது உள்ள இறங்காது, உருகுற தண்ணியோட நேரா ஏரிக்குப் போகும். பத்தாயிரம் ஏரி இருக்குற மாநிலம்னு நம்பர் பிளேட்ல போட்டுக்கிட்டாப் போதுமா?

அசோசியேஷன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. மெத்தை மாதிரி சருகைக் குவிச்சு விட்டா புல்லு மூச்சுமுட்டி அழுகும், அந்தப் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். அதனாலதான் நான் மோவரை ரெண்டு தடவை ஓட்டி, சருகைத் தூள் தூளா அரைச்சு, புல்லு இடுக்குல விழவிட்டேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க வருஷக்கணக்கா சோதிச்சு, புல்லுக்குக் கெடுதல் இல்லைன்னு சொன்ன வழிதான். இதையெல்லாம் எழுதி அசோசியேஷனுக்கு ரெண்டு பக்க மெயில் அனுப்பினேன். பதிலா ரசீது வந்துது. 50 டாலர்.

கட்டிட்டேன். வாடகை வீடு, ஓனர்கிட்ட மல்லுக்கட்ட முடியாது. ஆனா சருகுத்தூளை அள்ளலை. இப்ப அது மேல முக்கால் அடி பனி நிக்குது. ஏப்ரல்ல அந்த 400 டாலர் ஆசாமி மறுபடி வருவார். மண்வெட்டி வாங்கி கராஜ்ல வெச்சிருக்கேன். ஒரு சதுர அடி தோண்டிக் காட்டிட்டுதான் பேச்சே.