ஸ்டியரிங்குக்குக் கூடவா கூலர்?

வீட்டுக்கு ஒரு கூலர் வாங்கினால் அர்த்தம் புரிகிறது. "ஜீப் ஸ்டியரிங்குக்குக் கூலர் வாங்கப் போகிறேன்" என்று கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை டெலிபோனில் சொன்னால், மாமியாருக்குச் சிரிப்பு வருவது சகஜந்தான். ஆனால் அது வீண் செலவா, அவசியமா என்பது வண்டி போகிற இடத்தைப் பொறுத்த விஷயம்.

அந்த ஊரில் சியரா நெவாடா மலைமேல் ரூபிகான் பாதை என்று ஒன்று இருக்கிறது. சுமார் 35 கிலோமீட்டர் நீளம். டாஹோ ஏரிப் பக்கம் கொண்டுபோய் விடும். பாதை என்று பெயரே தவிர, பல இடங்களில் வெறும் பாறைதான். 1953-லேயே ஜீப்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி இதைக் கடந்திருக்கிறார்கள். மனிதன் நடக்கிற வேகங்கூட இல்லாமல், அங்குலம் அங்குலமாக ஊர்ந்துதான் போக வேண்டும். ஸ்டியரிங்குக்குச் சோதனை அங்கேதான்.

சக்கரத்தைத் திருப்பும் சிரமத்தை எண்ணெயின் தலையில் கட்டிவிடலாம் என்று 1926-ல் செய்து காட்டியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர். 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் இந்தப் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது. யுக்தி எளியதுதான். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்பு, எண்ணெயை அழுத்தி ஸ்டியரிங் பெட்டிக்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம் சக்கரங்களைத் திருப்ப நமக்குத் தோள் கொடுக்கிறது. வேலை முடிந்த எண்ணெய் இன்னொரு குழாய் வழியாகத் தன் தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது.

இப்போது ரூபிகான் பாதைக்கு வருவோம். பெரிய டயர் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி அழுத்திப் பிடித்திருக்கிறார். சக்கரம் அசையவில்லை, பம்பு மட்டும் ஓயவில்லை. அதன் உழைப்பெல்லாம் சூடாக மாறி எண்ணெயில் ஏறுகிறது. ஓடுகிற வண்டி என்றால் காற்றாவது பட்டு ஆறும்; நிற்கிற வண்டிக்கு அதுவும் இல்லை. சூடு எல்லை மீறினால், பலமுறை வடை சுட்ட எண்ணெயின் கதிதான் அதற்கும். நிறம் கறுக்கும், கருகல் வாசனை வரும், நுரைக்கும். பம்பு முனகத் தொடங்கும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப் போகும். பிறகு ஒரு சமயம் ஸ்டியரிங் இரும்பாகக் கனக்கும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம் என்ற இடத்தில் அப்படிக் கனத்தால் என்ன ஆவது? கசிந்த எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

காப்பியை டம்ளரிலிருந்து டவராவில் ஊற்றி ஏன் ஆற்றுகிறோம்? அகலப் பரவினால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சூடு தணியும். கூலர் செய்வதும் இதையேதான்.

வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த வண்டியில் எண்ணெய் ஸ்டியரிங்தானா? இன்றைய புது வண்டிகள் பலவற்றில் மின்சார மோட்டாரே திருப்பிவிடுகிறது; எண்ணெயே கிடையாது. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கும் தனிக் கூலர் தேவைப்படாது. பாறையேறும் வண்டிக்குத்தான் இந்தச் செலவு தகும்.

கூலரில் இரண்டு ரகங்கள் முக்கியம். குழாயைச் சுற்றித் தகடுகள் வைத்தது ஒன்று, விலை குறைவு. தட்டையான அறைகளை அடுக்கி அடுக்கிச் செய்தது மற்றொன்று; அதே அளவில் அதிகச் சூட்டை ஆற்றும், விலையும் ஜாஸ்தி. ஊர்ந்து போகிற வண்டிக்கு மின்விசிறி சேர்ந்ததாக இருந்தால் நல்லது. எதுவானாலும் அதன் உள்வழி, எண்ணெய் திரும்பும் குழாயைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது.

மாட்டும்போது மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. கூலரை எண்ணெய் திரும்பி வரும் குழாயில்தான் இணைக்க வேண்டும். பம்பிலிருந்து புறப்படும் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும். சாதாரணக் கூலர் அதைத் தாங்காது. புதிதாகப் போடும் ரப்பர் குழாயும் ஸ்டியரிங் எண்ணெய்க்கென்றே செய்ததாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் சில நாளில் ஊறிப்போய் ஏமாற்றிவிடும்.

ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் படும் இடம் உத்தமம். ஆனால் ரேடியேட்டரை மறைத்து எஞ்சினைச் சூடாக்கிவிடக் கூடாது. ரொம்பவும் கீழே மாட்டினால் கல் அடிக்கும், சேறு அப்பும். புகைக்குழாய்ப் பக்கமே போகக் கூடாது. ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் பட்டையை நுழைத்துக் கட்டுவது சோம்பேறி வேலை. தனிச் சட்டம் வைத்து, ரப்பர் வளையமிட்டு போல்ட் முடுக்க வேண்டும். கூலரின் வாய்கள் மேல் நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்காது.

வேலை முடிந்ததும், வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். முன் சக்கரங்களைத் தூக்கித் தாங்கு கொடுத்து, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இப்புறமும் அப்புறமும் கடைசி வரை மெதுவாகப் பலமுறை திருப்பினால், குழாய்களில் உள்ள காற்று தொட்டி வழியாக வெளியேறும். அவ்வப்போது தொட்டியைப் பார்த்து எண்ணெயை நிரப்பிக்கொள்ள வேண்டும். முதல் பயணம் முடிந்த பிறகு எங்கேயாவது ஈரம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு பழக்கம் வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. சற்றே தளர்த்தி, வண்டியை ஓர் அங்குலம் நகர்த்திவிட்டு, மறுபடி திருப்பலாம். வந்த சூட்டைக் கூலர் ஆற்றும். வராமல் பார்த்துக்கொள்வது ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.