துவைத்த துணியிலும் வாடையா? முதலில் வாஷிங் மெஷினைத் துவையுங்கள்!

துவைத்த துணியில் ஈர வாடை வந்தால், 'மழைக்காலம், வெயில் இல்லை... அதான்' என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை ஒரு ஸ்பூன் பவுடரைக் கூடுதலாகப் போடுவது பல வீடுகளில் வழக்கம். ஆனால் வெயிலில் மொறமொறவெனக் காய்ந்த டவலும், முகம் துடைத்ததும் நாறுகிறதா? அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டியது வாஷிங் மெஷினை. கூடுதலாகப் போடும் அந்தப் பவுடர், வாடையை இன்னும் அதிகமாக்கும்.

ஏன் பூஞ்சை பிடிக்கிறது?

அலசியும் போகாத சோப்பு, துணியிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு, நூல் தூசி மூன்றும் சேர்ந்து டிரம்முக்குப் பின்னால் வழவழப்பான படலமாகப் படியும். எப்போதும் பச்சைத் தண்ணீரில் துவைத்தால் அது கரையாது. துவைத்து முடித்ததும் கதவை இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கும். பூஞ்சைக்கு இது போதும். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் உப்புப் படிவமும் சேர்ந்துகொள்ளும். அழுக்கு அதில் எளிதாக ஒட்டும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், குழாயை மூடுங்கள். கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

1. பவுடர் டிராயர்: முழுவதுமாக வெளியே இழுத்து, வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். டிராயர் இருந்த குழியின் மேல்பக்கத்தையும் துடையுங்கள். கறுப்புத் திட்டுகள் அங்கேதான் அதிகம்.

2. ரப்பர் வளையம்: ஃப்ரன்ட் லோடு மெஷினில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள். முடி, நாணயம், தேங்கிய தண்ணீர் எல்லாம் இருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கறை போகாவிட்டால், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு பத்து பங்கு தண்ணீர் கலந்து தொட்டுத் துடைத்து, 10 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் நன்றாகத் துடைத்தெடுங்கள். டாப் லோடு மெஷினில் டிரம்மின் மேல் விளிம்பையும், நூல் சேரும் வலைப்பையையும் கழுவ வேண்டும்.

3. ஃபில்டர்: ஃப்ரன்ட் லோடில் கீழே ஒரு ஓரமாகச் சிறிய மூடி இருக்கும். அடியில் தட்டு வைத்து மெதுவாகத் திருகுங்கள். தேங்கிய தண்ணீர் கொட்டும். வெந்நீரில் துவைத்த கையோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும்.

4. டிரம்: ப்ளீச் பயன்படுத்தியிருந்தால், துணி போடாமல் ஒருமுறை வெறும் தண்ணீரில் ஓடவிடுங்கள். மறுநாள், கடையில் கிடைக்கும் டிஸ்கேலிங் பவுடரை, பாக்கெட்டில் உள்ள அளவில் போட்டு 'டப் க்ளீன்' வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால், மெஷினில் உள்ள அதிகபட்சச் சூட்டில் வெறுமனே ஓடவிடலாம். ஹீட்டர் இல்லாத டாப் லோடில், மெஷின் கையேடு அனுமதித்தால், கொதிக்காத வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு ஓட்டலாம்.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

சீக்கிரம் போகட்டும் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றாக ஊற்றுவது ஆபத்து. ப்ளீச்சுடன் வினிகர், எலுமிச்சை உப்பு, டாய்லெட் ஆசிட் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். கண் எரியும், இருமல் வரும், மூச்சே திணறலாம். டிஸ்கேலிங் பவுடரும் பெரும்பாலும் அமிலம்தான். இரண்டையும் ஒரே நாளில் செய்யாமல் தள்ளிவைப்பது அதனால்தான். தவறிக் கலந்து நெடி வந்தால், உடனே வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வினிகரும் பேக்கிங் சோடாவும் கலந்தால் ஆபத்தில்லை, பலனும் இல்லை. நுரை பொங்கும், அவ்வளவுதான். ஒன்றின் வீரியத்தை மற்றொன்று குறைத்துவிடும்.

மறுபடியும் வராமலிருக்க...

* துவைத்து முடித்ததும் துணியை எடுத்துவிடுங்கள். ரப்பரையும் கதவையும் துடைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் உள்ளே ஏறாதபடி கவனம் தேவை.
* ஃப்ரன்ட் லோடுக்கு உரிய, நுரை குறைவான பவுடரையே பயன்படுத்துங்கள்.
* அழுக்குத் துணியை, அதிலும் ஈரத்துணியை, மெஷினுக்குள் சேர்த்துவைக்காதீர்கள்.
* மாதம் ஒருமுறை டிரம்மை வெறுமனே ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் வாடை போகவில்லையா? கழிவுநீர்க் குழாய் சாக்கடைத் துளைக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாக்கடை நாற்றம் அதன் வழியாகவும் ஏறி வரும். அதுவும் இல்லையென்றால், மெக்கானிக்கை அழைத்து டப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதை, கழற்றும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.