அந்தப் பதினெட்டு மாதங்களைத் தடை செய்யாதிருங்கள்



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் குடியேறியிருக்கும் நம் சபைக் குடும்பங்களில், செவிலியராகப் பணிபுரியும் மகளோ மருமகளோ உள்ள வீடுகள் அநேகம். படிப்பை முடித்துப் பதிவும் பெற்றுவிட்டால், அடுத்தது வெளிநாட்டுத் தேர்வு என்றே பெற்றோர் எண்ணுகின்றனர். அது தவறன்று. ஆனாலும், பிரசவ அறைப் பணியில் உள்ளம் பற்றிக்கொண்ட பிள்ளைகளுக்கு வேறொரு பாதையும் உண்டு. அதைக் குறித்து இம்மாதம் சிந்திப்போம்.

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். ஆண்பிள்ளைகளைக் கொல்லும்படி கட்டளையிட்ட எகிப்தின் ராஜாவினுடைய சொந்தப் பெயர் அங்கே எழுதப்படவில்லை. ஆனால் தேவனுக்குப் பயந்து அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியாத சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தேவன் அவர்களுக்கு நன்மை செய்து, அவர்கள் வீட்டாரையும் ஆசீர்வதித்தார். வேதம் இவ்வளவாய்க் கனப்படுத்திய பணியை நாம் அற்பமாய் எண்ணலாமா?

நம் எல்லைப் பகுதிகளில் முன்பு வயற்றாட்டிகளே பேறுகாலம் பார்த்தனர். லண்டனில் மருத்துவம் பயின்று 1916-இல் திருவிதாங்கூர் திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார், திருவனந்தபுரம் தைக்காடு மருத்துவமனையில் பொறுப்பேற்றார். வயற்றாட்டிகளை அவர் பகைக்கவில்லை; அவர்களுடைய பிள்ளைகளையே சேர்த்து மருத்துவச்சிப் பயிற்சி அளித்தார். ஊர் ஜனங்களின் நம்பிக்கையை அவ்வாறே பெற்றார். இன்று கேரளத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் மரித்தனர்; கேரளத்தில் 19 பேர். இதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம்.

எனினும் மற்றொரு பாரமும் நமக்கு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூறு பிரசவங்களில் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை கேரளத்தில் ஏறக்குறைய 39, தமிழ்நாட்டில் 45. உயிருக்கு ஆபத்து நேரிடும் வேளையில் அறுவைச் சிகிச்சை தேவன் அருளிய ஈவு, அதை மறுக்கலாகாது. ஆனால், நூற்றுக்குப் பத்துக்கு மேல் அது பெருகும்போது, ஒரு நாட்டில் தாய்சேய் மரணங்கள் மேலும் குறைவதாகக் காணப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. வேதனைப்படும் பெண்ணின் அருகே பொறுமையோடு இருந்து, நடக்கவும் விரும்பியவாறு அமரவும் இடங்கொடுத்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்து, ஆபத்தின் அடையாளம் தோன்றிய உடனே மருத்துவரை அழைக்கும் தேர்ந்த கை தேவை. அந்தக் கைக்கு உரியவளே மருத்துவச்சி.

"எங்கள் மகள் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் ஏற்கெனவே பதிவு பெற்றவளாயிற்றே" என்று நீங்கள் சொல்லக்கூடும். மெய்தான். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவருக்குச் சான்றிதழில் இரண்டு பெயர்களும் உண்டு. ஆயினும் சில மாத வகுப்பும் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிரசவங்களும், சுயமாய்த் தீர்மானிக்கும் தேர்ச்சியைத் தந்துவிடுவதில்லை. இந்தக் குறையை நீக்கவே, மத்திய சுகாதார அமைச்சகம் 2018 டிசம்பரில் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பதிவுபெற்று, பிரசவப் பணியில் இரண்டு ஆண்டு அனுபவமும் உள்ள செவிலியருக்கு 18 மாதப் பயிற்சியை அது வகுத்தது. முதல் பன்னிரண்டு மாதங்கள் பயிற்சி நிலையத்தில். அடுத்த ஆறு மாதங்கள் நேரடிப் பணியில். இதற்கு முன்னரே ஐதராபாத்தின் பெர்னாண்டஸ் மருத்துவமனை 2011-இல் இத்தகைய படிப்பைத் தொடங்கியிருந்தது. அவர்களோடு இணைந்து 2017-இல் தெலங்கானா அரசும் தன் செவிலியருக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது.

இதை எம்.எஸ்சி. நர்சிங்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மகப்பேறு பிரிவில் இரண்டாண்டு எம்.எஸ்சி. முடிப்போர் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர்களாகின்றனர். பதினெட்டு மாதப் பயிற்சியோ பிரசவ அறைக்கே உரியது; அரசு மருத்துவமனைகளை முன்வைத்து வகுக்கப்பட்டது. ஆகவே தனியார் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுமுன், அந்தப் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். எல்லைப் பகுதியினருக்கு மேலும் ஒரு காரியம்: மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ படித்துத் தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர், நெய்யாற்றின்கரையில் பணிபுரியக் கேரள கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டும். வெளிநாடு செல்ல விரும்புவோரும் அறிந்துகொள்ளுங்கள்: பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் செவிலியர் பதிவு வேறு, மருத்துவச்சி பதிவு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. உலகத்தில் ஒன்பது லட்சம் மருத்துவச்சிகள் குறைவுபடுகின்றனர் என்று 2021-ஆம் ஆண்டின் உலக அறிக்கை கூறியது. அறுவடை மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்.

பெற்றோரே, மாமனார் மாமியாரே, உங்களோடும் ஒரு வார்த்தை. கல்விக்கடன் நிற்கிறது, தங்கையின் திருமணம் காத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். அந்தப் பாரத்தை அவளும் அறிவாள். ஆகையால்தான் அநேக பிள்ளைகள் தங்கள் விருப்பத்தை வாய்திறந்து சொல்வதேயில்லை. ஒருமுறை அவளைக் கேளுங்கள். கடனின் கணக்கை மறைக்காமல் அவள் முன் வையுங்கள். வழியுண்டானால் பதினெட்டு மாதங்களை அவளுக்குக் கொடுங்கள். குழந்தையுள்ள மருமகளானால், அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ஓர் ஊழியமே.

சபையாரே, கர்ப்பிணிகளுக்காக நாம் ஊக்கமாய் ஜெபிக்கிறோம், ஜெபிக்கவும் வேண்டும். ஆனால் விசுவாசத்தின் பெயரால் ஒரு பெண்ணை மருத்துவ உதவியின்றி வீட்டிலே பிரசவிக்க விடாதிருங்கள். பிரசவத்துக்குப் பின் உண்டாகும் உதிரப்போக்கு மிகக் குறுகிய நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். ராகேல் எப்பிராத்தா வழியில் பிரசவ வேதனையில் கிடந்தபோது, அவள் அருகேயும் ஒரு மருத்துவச்சி இருந்தாள் என்று வேதம் காட்டுகிறது. ஜெபிக்கிறவர்களுக்கும் மருத்துவச்சி வேண்டும்.

செவிலிய மகளே, தமிழும் மலையாளமும் அறிந்தவளாய் எல்லையிலே பிறந்தது வீணல்ல. வேதனையில் ஒரு பெண் தன் தாய்மொழியில்தான் கதறுவாள். அந்தக் கதறலைப் புரிந்துகொண்டு, தன் மொழியிலேயே தைரியம் சொல்லும் ஒருத்தி அருகில் இருப்பது எத்தனை பெரிய ஆறுதல்! உபவாசத்தோடு கர்த்தரின் சித்தத்தைத் தேடு; வீட்டாரோடு மனந்திறந்து பேசு; அதன்பின் விண்ணப்பத்தை எழுது.

சிப்பிராளையும் பூவாளையும் நினைத்தருளின தேவன், உங்கள் கைகளின் கிரியையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.