எந்த லயத்துப் பிள்ளை நீ?

ஏப்ரல் பிறந்தால் நம் கைப்பேசிகளில் மூணாறு முளைத்துவிடுகிறது. முதுகில் பை, கழுத்தில் கேமரா, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆள், எதிரே மேகம். சாலையோரம் ஊதாவாகப் பூத்துக் கொட்டும் ஜகரண்டா மரங்கள். ஆள் அரவமே இல்லாத மலையில் தனியாக நடந்து தன்னைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கீழே நாலு வரி. லைக்குகள் ஆயிரத்தைத் தாண்டும்.

தோழர்களே, அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். மேகத்துக்குக் கீழே சரிவு முழுக்கச் சீவிவிட்டதுபோல் சமமாகப் படர்ந்திருக்கும் பச்சை இருக்கிறதே, அது இயற்கை இல்லை. தேயிலை ஒரு மரம். விட்டால் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, நாள் தவறாமல் கொழுந்து கிள்ளி, அதை இடுப்பளவிலேயே நிறுத்தி வைத்திருப்பவை கைகள். தலைமுறை தலைமுறையாக நம் பாட்டிகளின், அத்தைகளின் கைகள். அவர்கள் ஒரு பத்து வருடம் வேலையை நிறுத்தினால் உங்கள் படத்தில் அந்தப் பச்சை இருக்காது, காடுதான் இருக்கும். செய்தவர்களை வெட்டி எறிந்துவிட்டு, செய்ததை மட்டும் இயற்கை என்று சட்டம் போட்டு மாட்டுவதற்குப் பெயர் புகைப்படக் கலையா?

கோடை மழை நனைத்ததும் கொழுந்து குபுகுபுவென்று தளிர்க்கும். ஊர் சுற்ற வருபவருக்கு அது வசந்தம். கொழுந்து பறிப்பவருக்கோ ஆண்டில் மூட்டை கனக்கும் காலங்களில் அதுவும் ஒன்று. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியபோது ஒரு நாளுக்குக் கட்டாயம் பறிக்க வேண்டியது 21 கிலோ, கூலி 232 ரூபாய். 20 விழுக்காடாக இருந்த போனஸைப் பாதியாக வெட்டியதும் அவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வராதே என்று விரட்டினார்கள். ஒன்பது நாள் ஊர் நின்றது, சுற்றுலாவும் நின்றது. அந்த ஒன்பது நாள்தான் கேமராக்கள் மலையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தன. பிறகு பழையபடி மேகத்துக்குத் திரும்பிக்கொண்டன.

மூணாறுக்குப் போகிறவர்கள் தவறாமல் போகும் இடம் இரவிக்குளம் தேசியப் பூங்காவின் ராஜமலை. வனத்துறைப் பேருந்தில் ஏறிப்போய் வரையாட்டைப் படம் எடுக்கலாம். வரையாடு குட்டி போடும் பருவம் என்பதால் வருடாவருடம் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடுகிறார்கள். நல்ல காரியம்தான், ஆட்டின் மேல் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அதே ராஜமலையைத் தாண்டி அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் செத்தார்கள். மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மறுநாள் காலைதான் வெளியுலகுக்கே தெரிந்தது. செத்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் என்று அறிவித்தது மாநில அரசு. பறந்தவருக்கும் புதைந்தவருக்கும் விலை வேறு.

ராஜமலையில் வரையாட்டோடு செல்ஃபி எடுப்பவரில் எத்தனை பேருக்கு அந்தச் சாலையின் மறுமுனை தெரியும்?

இந்தத் 'தனியாக' என்ற சொல்லையும் கொஞ்சம் உலுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொழுக்குமலையில் சூரியன் உதிப்பதைத் தனியாக நின்று பார்த்தேன் என்கிறார்கள். விடியுமுன் சூரியநெல்லியிலிருந்து கல்லும் குழியுமான பாதையில் ஜீப் ஓட்டிக் கொண்டுவந்து விட்டவர் யார்? குளிரில் தேநீர் ஆற்றிக் கொடுத்தவர்? காட்டுக்குள் பாதை காட்டிய முதுவர் சமூகத்து ஆள்? இவர்கள் எல்லாரும் கூட இருந்தும் ஒருவர் தனியாக இருந்ததாக உணர முடிகிறது என்றால், அவர் கணக்கில் இவர்கள் ஆட்களே இல்லை. இது இங்கே மிகப் பழைய பழக்கம். பண்ணையார் தனியாக இருப்பதாகச் சொல்லும்போதும் திண்ணைக்குக் கீழே நாலு பேர் கைகட்டி நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இனி எங்கள் கதை. எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவி ஒருவர் இந்த ஏப்ரலில் இரவல் கேமராவோடு மூணாறுக்குத் தனியாகப் போனார். அவருடைய அப்பாயி முப்பது வருடத்துக்கும் மேல் அங்கே கொழுந்து பறித்தவர். வேலையில் இருக்கும் வரைதான் லயத்தில் வீடு. ஓய்வு பெற்றதும் சாமான்களைக் கட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டார். அவ்வளவு வருடத்துக்கு அந்த மலையில் அவருக்கென்று ஒரு சாண் நிலம் மிஞ்சவில்லை. இறங்காமல் தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளோ சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950-க்கு முன்பே இங்கே குடியேறியதற்குத் தாள் கொண்டுவா என்கிறார்கள். துரைமார் காலத்துத் தாளுக்கு யாரிடம் போவது?

பேத்தி ஒரு தோட்டத்துப் பாதையில் நடந்திருக்கிறார். முன்னால் பெரிய லென்ஸோடு போன இரண்டு இளைஞர்களுக்குக் காவலாளி வணக்கம் வைத்தார். இவரை நிறுத்தினார். "எந்த லயத்துப் பிள்ளை நீ? வேலைக்குப் போகாம கேமராவோட எங்க சுத்துற?" அந்தக் காவலாளியும் நம்மவர்தான் போலிருக்கிறது. அதுதான் இன்னும் வலிக்கிறது. கறுத்த பெண், எளிய செருப்பு, நம் பேச்சு. இந்த மலையில் இவளுக்கு வேலை இருக்கலாம், வேடிக்கை பார்க்கும் உரிமை இருக்க முடியாது என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

1934-இல் அம்பேத்கரும் தோழர்களுமாக முப்பது பேர் அளவில் வேரூள் குகைகளையும் தௌலதாபாத் கோட்டையையும் சுற்றிப் பார்க்கப் போனார்கள். கோட்டை வாசல் குளத்தில் முகம் கழுவியதற்குத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கூட்டம் கூடியது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாயையும் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். சுற்றிப் பார்ப்பது நமக்கு எப்போதும் சும்மா நடக்கிற காரியமாக இருந்ததில்லை.

மாணவி திரும்பி வந்து படங்களைக் காட்டினார். நூற்றுக்கும் மேல். பாசி படிந்த ஒரு பாறை. ஜகரண்டா பூ ஒட்டிக்கிடக்கும் ஈரத் தார்ச்சாலை. மேகம், மறுபடியும் மேகம். லயம் ஒன்றுகூட இல்லை, மூட்டை சுமக்கும் பெண் ஒருவர்கூட இல்லை. நாங்கள் பிடித்துக்கொண்டோம். நீயுமா? உன் அப்பாயி எங்கே இந்தப் படத்தில்? மேலே எழுதியிருப்பதையெல்லாம் அன்று அவரிடம்தான் முதலில் பொரிந்து தள்ளினோம்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, அப்பாயி அத்தனை வருசம் அந்த மலையில நின்னுச்சு. ஒரு நாள்கூட நிமிந்து மேகத்தப் பாத்ததில்லைன்னு சொல்லும். பாத்தா கிலோ குறையும். அதுக்காகத்தான் நான் மேகத்த மட்டும் எடுத்தேன். அவனுங்க எடுத்தா கலை, நாம எடுத்தா மட்டும் கஷ்டமாத்தான் இருக்கணுமா?"

எங்களிடம் பதில் இல்லை. வலியைக் காட்டினால்தான் அது நம் படம் என்று நாங்களே ஒரு லயம் கட்டி, எங்கள் பிள்ளைகளை அதற்குள் அடைக்கப் பார்த்திருக்கிறோம். அழகைப் பார்க்கிற வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அவர்களுக்குச் சான்று சேகரித்துக் கொடுக்கும் ஆட்களாக எத்தனை காலம் இருப்பது? மேலே சொன்னதில் ஒரு சொல்லையும் நாங்கள் திரும்பப் பெறவில்லை. ஆளை வெட்டிவிட்டுப் படம் எடுப்பவர் வேறு, வெட்டப்பட்டவரின் பேத்தி அதே மேகத்தை எடுப்பது வேறு. வித்தியாசம் படத்தில் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போகிறவர்கள் காட்டுக்குள் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் செத்ததை மறக்க வேண்டாம். வழிகாட்டியின் பெயரைக் கேளுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள்.

அந்த நூற்றுச் சொச்சத்தில் ஒரு படத்தை மாணவி அச்சடித்து ஊருக்கு எடுத்துப்போனார். அப்பாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். மேகத்துக்குக் கீழே தெரிந்த சரிவில் விரலை வைத்து, "இது எந்த நம்பர் காடுன்னு தெரியுமாடி?" என்று கேட்டாராம். அவரே நம்பரையும் சொன்னாராம்.