பிறப்பையும் இறப்பையும் விலக்கிய தீவு

ஈஜியன் கடலிலே தீவு தீவாகச் சுற்றிவர விழைவோர்க்கு உகந்த காலம் புரட்டாதி மாதமே. ஆடி, ஆவணியில் அங்கே 'மெல்தேமி' என்னும் வடகாற்று நாட்கணக்காக ஓயாது வீசும். அதன் வேகம் குறித்த அளவைக் கடந்துவிட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைப் புறப்பட விடார். பயணிகள் கரையிலே காத்துக் கிடக்க வேண்டியதுதான். செப்டெம்பர் நடுப்பகுதியில் அக்காற்றுத் தணியத் தொடங்கும். கோடை வெயிலை உண்ட கடல்நீரோ இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஆயினும் அக்கடலை எளிதாக எண்ணலாகாது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வந்த 'எக்ஸ்பிரஸ் சமினா' என்னும் கப்பல் பாரொஸ் தீவினருகே பாறைகளில் மோதி மூழ்கியது. வரைபடத்தில் நன்கு குறிக்கப்பட்ட பாறைகள் அவை, விளக்கும் பொருத்தப்பட்டவை. நீர் புகாமல் அடைத்திருக்க வேண்டிய கதவுகள் கப்பலினுள்ளே திறந்து கிடந்தன. கப்பலில் இருந்த 500க்கு மேற்பட்டோரில் 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோரிற் பலரைப் பாரொஸ் மீனவர்கள், காற்றையும் பொருட்படுத்தாது தம் சிறு படகுகளைச் செலுத்திச் சென்று மீட்டனர்.

சாந்தொரினியின் வெள்ளை வீடுகளை நாட்காட்டிப் படங்களில் யாவரும் கண்டிருப்பர். அவற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. நாக்சொஸ் துறையிற் கப்பல் நுழைகையில், கி.மு. 6ஆம் நூற்றாண்டிலே தொடங்கி முற்றுப்பெறாது போன கோயிலின் பளிங்கு வாயில் மட்டும் தனித்து நிற்பது காணத்தக்கது. ஆனால், ஒரு தீவையே காண நேரமுண்டு என்பார்க்கு நான் டெலொஸையே காட்டுவேன்.

மிக்கோனொஸிலிருந்து அரைமணி நேரப் பயணம். அப்பொலோ தெய்வம் பிறந்த தலம் எனக் கிரேக்கர் போற்றிய மண் அது. கி.மு. 478இல், பாரசீகரை எதிர்க்க ஒன்றுகூடிய நகரங்கள் தம் பொதுநிதியை அங்கேதான் வைத்தன. கி.மு. 454இல் அந்நிதி ஏதென்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. அதன்பின் அது யாருக்குப் பயன்பட்டதென மாணவர்கள் வரலாற்று நூல்களிற் படித்திருப்பர். கி.மு. 426ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் மக்கள் தீவைத் தூய்மை செய்வதாகக் கூறிக் கல்லறைகள் அனைத்தையும் தோண்டி அகற்றினர். இனி அங்கே எவரும் பிறத்தலும் ஆகாது, இறத்தலும் ஆகாது என விதித்தனர். சூல் முதிர்ந்த பெண்டிரையும் உயிர் ஊசலாடும் முதியோரையும் அயலிலுள்ள ரெனேயா தீவுக்குப் படகேற்றினர். நான்கு ஆண்டுகளின் பின் குடிமக்களையே வெளியேற்றிவிட்டுச் சிறிது காலத்தில் மீண்டும் வர விட்டனர்.

கி.மு. 166இல் உரோமர் அதனைத் தீர்வையற்ற துறைமுகமாக்கினர். ஒரே நாளிற் பல்லாயிரம் அடிமைகளை ஏற்றி இறக்க வல்ல சந்தை அது என்று ஸ்திராபோ எழுதியுள்ளார். பிள்ளைப்பேறு தீட்டாகிய மண்ணில் மனிதரை விற்பது தீட்டாகவில்லை போலும்! கி.மு. 88இல் மித்திரிடாட்டிஸ் மன்னனின் படை புகுந்து மக்களைக் கொன்று குவித்தது. அத்தீவு பின்னர் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

இன்றும் அங்கே பயணிகள் இரவு தங்குவதற்கு அனுமதியில்லை. பளிங்குச் சிங்கங்களின் வரிசையைக் கண்டதும், கடைசிப் படகு புறப்படுமுன் துறைக்குத் திரும்பிவிடல் வேண்டும்.