வீடு வந்து சேர்ந்த பிறகு போடக் கூடாதா?

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் சீட் கிடைத்ததும் முதல் ஸ்டேட்டஸ்: ‘ஒகேனக்கல் கிளம்பியாச்சு, குடும்பத்தோட.’ பாப்பாரப்பட்டியில் பிள்ளை போண்டா தின்கிற வீடியோ. பென்னாகரம் தாண்டி மலை வளைவு வந்தால், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிக்கச் சொல்லி ஒரு படம். வேறு யாராவது நம் பிள்ளையை அப்படி நீட்டச் சொன்னால் அடிக்கப் போயிருப்போம். சொல்வது நாமேதான்.

ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் யார் யார் என்று ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். தக்காளி மண்டித் தரகர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், போன வருஷம் மோட்டார் பழுது பார்க்க வந்தவர், எதற்காக நம்பரைப் பதிந்தோம் என்றே மறந்துபோன இருபது பேர். எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அத்தனை பேருக்கும் 24 மணி நேரம் ஏன் தண்டோரா போடவேண்டும்? வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று பண்டிகைக்குப் பண்டிகை போலீஸ் கேட்கிறது. அதற்கு நமக்கு நேரம் இருப்பதில்லை.

அதைவிட என்னை உறுத்துவது குளிக்கிற படம். அருவியில் அரை டிராயரோடு நிற்கிற பையன், நனைந்த பாவாடையோடு கூனிக் குறுகி நிற்கிற பெண். சொந்தக்காரர்கள் பார்த்து ‘அழகு’ என்பார்கள், சரி. அவர்களில் ஒருவர் இன்னொரு குழுவுக்கு அனுப்பினால், பிறகு உங்கள் ஸ்டேட்டஸை அழித்து என்ன பயன்? எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதினாலு வயதாகும்போது அந்தப் படம் எங்கே கிடக்கும், சொல்லுங்கள். பிரான்சில் 2024 பிப்ரவரியில் பிள்ளைகளின் படத்துக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் உருவத்துக்கான உரிமையைப் பெற்றோரே காக்கவேண்டும் என்கிறது அது. நமக்கு இதற்குச் சட்டம் வேறு வரவேண்டுமா?

தண்ணீர்க் கரையில் போனைப் பிடித்தால் நம் கண் திரையில்தான் இருக்கும். 2019 அக்டோபரில் ஊத்தங்கரை பாம்பாறு அணையில் நடந்ததை மறந்துவிட்டோமா? அதுவும் ஒரு காலத்தில் நம் தருமபுரி மாவட்டத்து ஊர்தான். உறவுக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நின்று செல்ஃபி எடுத்தார்கள். 14 வயதுப் பையனுக்குக் கால் வழுக்கியது. கோத்த கை மற்றவர்களையும் இழுத்தது. புதுப்பெண் உட்பட நாலு பேர் போனார்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைப் படத்துக்காகக் கழற்றச் சொல்கிறவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பரிசல்காரர் திட்டினால் அவர் மேலேயே கோபம் வேறு.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆடிப்பெருக்குக்குப் போய்ப் படம் எடுக்காமல் வந்தால் என் மாமியாரே விடமாட்டார். எடுங்கள், வீட்டுக்கு வந்து, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்த பிறகு போடுங்கள். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவையுங்கள். அது ஓடினால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது போய்விடும்; ‘தெளிவாக இருக்கட்டும்’ என்று டாக்குமென்டாக அனுப்பினால் படத்தோடு அதுவும் சேர்ந்து போகும்.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் இல்லை. போன தடவை பஸ்ஸிலேயே ஏழு படம் போட்டுவிட்டேன். ஒன்றில் என் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “என்னைக் கேட்டியாப்பா?” இரண்டு நாள் பேசவில்லை. இந்தத் தடவை போனை அவள் கையிலேயே கொடுத்தேன். அறுபது எழுபது படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றே ஒன்றைப் பொறுக்கினாள். வாழையிலையில் நாலு துண்டு வறுத்த மீன். ஓரத்தில் அவள் விரல் நுனி மட்டும்.